முதுகுப் பக்கம் போன பாக்கெட்

மலேசியாவில், ஜொகூரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் ஜேக்கட்டை முன்பின்னாகத் திருப்பித்தான் போடுவார்கள். நெஞ்சில் காற்று அடிக்காது. ஜிப் முதுகில் திறந்து கிடக்கும். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் என் மகளும் அப்படித்தான். சிறு வயதிலிருந்தே அவளுக்கு ஆஸ்துமா. மூச்சு முட்டினால் இழுக்கும் பம்பு ஜேக்கட் பாக்கெட்டில் இருக்கும்.

சென்ற வாரம் ஒரு நாள் காலையில், சிங்கப்பூருக்குக் கடலைத் தாண்டிப் போகும் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. முன்னும் பின்னும் மோட்டார் சைக்கிள்கள், பக்கத்தில் இன்ஜினை அணைக்காத லாரிகள். புகையில் அவளுக்கு மூச்சு இறுகியது. பாக்கெட்டோ முதுகுப் பக்கம். கையுறையோடு துழாவியவளுக்குப் பம்பு அகப்படவில்லை. பின்னால் நின்ற ஒரு தமிழர் கவனித்திருக்கிறார்.

“தங்கச்சி, என்ன தேடுற?”

பேச முடியாமல் முதுகைக் காட்டினாளாம். அவர்தான் பம்பை எடுத்து அவள் கையில் திணித்தார்.

அவர் பார்க்காமல் இருந்திருந்தால்? அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை. யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

செனாயில் லாரிகளை அனுப்பும் அலுவலகத்தில் எனக்கு வேலை. புதிதாக ஒரு தொழிற்சாலை வந்தால் எங்கள் லாரிகள் கூடும். அந்த வளர்ச்சியில்தான் பெர்மாஸ் ஜெயாவில் வீடு வாங்கினேன், மகளைப் படிக்க வைத்தேன். இப்போது வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஒவ்வொரு நடைக்கும் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்று கேட்கிறார்கள். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுப்பதும் நான்தான். நடை கூடினால் புகையும் கூடுகிறது. அது கூடிய வருடம்தான் போனஸும் நன்றாக வந்தது. அன்று பாலத்தில் நின்றவற்றில் நான் அனுப்பிய லாரி இருந்ததா என்று கணினியில் பார்க்கலாம். நான் பார்க்கவில்லை.

“பஸ்ல போயேன்” என்றேன் மகளிடம்.

“பஸ்ஸும் அதே ஜாம்ல தானே நிக்கும்? லேட்டா போனா வேலை போயிடும் லா.”

“போனா போகட்டும். இங்கேயே தேடிக்கலாம்.”

“இங்க குடுக்குற சம்பளத்துல உங்க லாரிக்கு டயர்கூட வாங்க முடியாதும்மா.”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று மறுபடியும் கிளம்பினாள். பம்பைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டேன்.

“அலமாக், அம்மா! கிண்டர்கார்டன் பிள்ளையா நான்?”

ஆனால் கழற்றவில்லை. ஜேக்கட்டுக்கு வெளியே அது தொங்குகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் திறந்தேன். பிறகு நானும் காரை எடுத்தேன்.

இப்போது அலுவலகத்தில் இருக்கிறேன். வெளியே லாரிகள் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. பாலம் தாண்டியாயிற்று என்று அவளிடமிருந்து இன்னும் செய்தி வரவில்லை.