செலினைத் தூக்கும் பலம் கேட்டேன்

செலின் என் மனைவி. அவள் விழுந்தது மார்கழி மாதத்தில், மழை ஓய்ந்திருந்த ஒரு காலை. குசினியில் பானை உருளும் சத்தம் கேட்டுப் போனேன். அடுப்படியில் ஒருக்களித்துக் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றாள். வெறும் சத்தம்தான் வந்தது.

அவளுடைய கமக்கட்டுக்குள் கை கொடுத்துத் தூக்கினேன். அசையவில்லை. மறுபடி தூக்கினேன். என் முழங்கால் மடிந்து, அவளுக்குப் பக்கத்தில் நானும் விழுந்தேன்.

உறவுகளே, நான் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவன். இளமையில் களப்பில் வலை இழுத்தவன். சேற்றில் புதைந்த தோணியைத் தனி ஆளாகத் தள்ளியவன். செலின் மெலிந்த பெண். அவளைத் தரையிலிருந்து கிளப்ப என்னால் முடியவில்லை. ஆட்களைக் கூப்பிடவும் பயமாக இருந்தது. நனைந்த தரையில் இரண்டு பேரும் கிடந்தோம்.

ஏன் பயந்தேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் இருவருக்கும் எச்.ஐ.வி என்று தெரிந்து பல வருடங்கள். இதை ஒரு செபக் கூட்டத்தில் வாய் திறந்து சொல்வது இதுதான் முதல் தடவை. பங்குச் சுவாமியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுந்து நிற்கிறேன். எப்படி வந்தது என்று சிலர் யோசிப்பீர்கள். அது நாங்கள் இருவரும் கடவுளின் முன்னால் பேசி அழுது முடித்த கதை. இன்றைக்கு நான் சொல்ல வந்தது வேறு.

எங்களுக்கு ஒரே மகன். போரின் கடைசி மாதங்களில், இந்தக் கடற்கரையில்தான் அவனைப் பறிகொடுத்தோம். அதற்குப் பிறகு வீட்டில் நானும் அவளும்தான். எச்.ஐ.வி வருத்தம் இருப்பது தெரிந்ததும் ஊரில் எனக்கு இருதய நோய் என்று சொல்லி வைத்தோம். கிளினிக்கில் தரும் குளிசையை ஒரு நாளும் தவறவிடவில்லை. ஆனால் உடம்பை அலட்டக் கூடாது, அலட்டினால் வருத்தம் கூடிவிடும் என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம். கடலுக்குப் போவதை விட்டேன். வீட்டு முன்பக்கம் சின்னக் கடை ஒன்று போட்டு, கதிரையில் உட்கார்ந்தபடி காலத்தைக் கழித்தேன். செலினும் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டாள். கையும் காலும் குச்சியாயின. வயிறு மட்டும் முன்னுக்கு வந்தது. உயிரோடு இருக்கிறோமே, அது போதும் என்று நினைத்தோம்.

கடைசியில் பக்கத்து வீட்டு ரூபனைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். ஓட்டோ ஓடுகிறவன். அவன்தான் செலினைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினான்.

ஆஸ்பத்திரியில் பாரிசவாதம் என்றார்கள். வலக் கையும் வலக் காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. எங்கள் கிளினிக் டொக்டரும் வந்து பார்த்தார்.

"மருந்தை ஒழுங்காப் போட்டிருக்கிறீங்கள். ரெண்டு பேருக்கும் கிருமி அடங்கித்தான் இருக்கு" என்றார். "இவவை விழுத்தினது பிரஷரும் சீனியும் கொழுப்பும். இந்த வருத்தம் உள்ள ஆக்களுக்கு அதுகள் மற்ற ஆக்களைவிட வேளைக்கே வரலாம். உங்களுக்கும் சீனி கூடிக் கிடக்கு. உடம்பில சதையே இல்லை. என்ன வேலை செய்யிறீங்கள்?"

"கடையில இருக்கிறன் ஐயா."

"கதிரையில இருந்துகொண்டே இருந்தால் இப்பிடித்தான் வரும்."

எனக்கு அது அன்றைக்கு விளங்கவில்லை. என் மனைவிக்குக் கை கால் வழங்கவில்லை, இந்த மனுசன் என் சதையைப் பற்றிக் கதைக்கிறாரே என்று கோபம்தான் வந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் கிழமைகளில் செலினுடைய தங்கை புஷ்பம் தினமும் வந்தாள். குளிக்க வார்த்தாள், உடுப்பு மாற்றினாள், தலை வாரிவிட்டாள். பிறகு ஆஸ்பத்திரியில் யாரோ யாருக்கோ சொல்லி, கதை புஷ்பத்தின் காதுக்கும் போய்விட்டது. ஒரு நாள் வேலிப் படலை வரைக்கும் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அத்தான், எனக்குச் சின்னப் பிள்ளையள் இருக்கு" என்றாள். அழுதுகொண்டுதான் சொன்னாள். போய்விட்டாள். அதற்குப் பிறகு சோறு மட்டும் வேலிக்கு மேலால் வந்தது, கடதாசியில் சுற்றி.

கடைக்கு யாரும் வரவில்லை. எங்கள் வீட்டைத் தாண்டும்போது சனம் தெருவின் மற்றப் பக்கத்தால் போனது. ரூபன் மட்டும் வழமைபோல வந்து போனான். ஆனால் அவனும் பகல் முழுக்க ஓட்டோவில்.

படுத்த படுக்கையாய் இருப்பவரை அடிக்கடி புரட்டிவிட வேண்டும். என்னால் முடியவில்லை. ஒரு பக்கம் புரட்டினால் மூச்சு வாங்கும், கண் இருட்டும். பாதியில் விட்டால் அவள் தன் கையின் மேலேயே விழுவாள். முதுகின் கீழே புண் வந்தது. முதலில் சிவப்பு, பிறகு தோல் உரிந்தது, பிறகு குழி. மணம் வந்தது. செலின் சுத்தமான மனுசி. வீட்டில் கட்டும் சேலையைக்கூட மடிப்புக் குலையாமல் உடுத்துகிறவள். தன் மணம் தனக்கே தெரிந்து, நான் கிட்டப் போனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் அவளைச் சுத்தம் செய்யத் தூக்கினேன். பிடி வழுவியது. கட்டிலின் சட்டத்தில் அவளுடைய தலை அடித்தது. அவள் கத்தவில்லை. இடது கையால் என் கன்னத்தைத் தடவினாள். நான் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். சுவரில் மாட்டியிருந்த திரு இருதயப் படத்தைப் பார்த்துக் கத்தினேன். "எங்கள் பிள்ளையை எடுத்தீர். சரி. வருத்தத்தைத் தந்தீர். சரி. இவளை இப்படி அழுக விடாதேயும். ஒன்றில் இரண்டு பேரையும் கொண்டுபோம். இல்லையென்றால் இவளைத் தூக்க எனக்குப் பலத்தைத் தாரும்."

சுகத்தைக் கேட்கவில்லை. அதிசயம் கேட்கவில்லை. தூக்க ஒரு பலம். அவ்வளவுதான்.

அடுத்த நாள் விடிந்ததும் விசுவாசத்தோடு போய்த் தூக்கினேன். முடியவில்லை. அதற்கடுத்த நாளும் முடியவில்லை. வானம் மூடிக் கிடக்கிறது என்று நினைத்தேன்.

அந்தக் கிழமை கிளினிக் நாள். ரூபனின் மனைவியை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். அவளும் வாசலில்தான் இருந்தாள், ஆனால் இருந்தாள். டொக்டர் என்னைப் பார்த்ததும் பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் அனுப்பினார். இளம் பெண். எல்லாரும் மிஸ் என்று கூப்பிடுவார்கள். செலினின் புண்ணைப் பற்றி, என் பலமில்லாத கையைப் பற்றி எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு கதிரையைக் காட்டினாள்.

"அதில இருங்கோ ஐயா. இப்ப கையை ஊண்டாமல் எழும்புங்கோ பாப்பம்."

எழும்ப முடியவில்லை. முன்னுக்குச் சரிந்தேன், திரும்பவும் கதிரையில் விழுந்தேன். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காது சூடாகிவிட்டது.

"உங்களையே உங்களால தூக்க ஏலாமல் இருக்கு. பிறகு எப்பிடி அவவைத் தூக்குவீங்கள்?" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"பிள்ளை, எனக்கு இந்த வருத்தம். உடம்பை அலட்டக் கூடாதெல்லோ?"

"ஆர் சொன்னது? நீங்கள் மருந்து போடுறீங்கள், டொக்டரும் பாத்து ஓம் எண்டிட்டார். அலட்டாமல் விட்டதாலதான் சதை கரைஞ்சது. சதை கரைஞ்சால் சீனியும் அடங்காது. மெல்ல மெல்லச் செய்வம். நெஞ்சு நொந்தால், தலை சுத்தினால் உடனே நிப்பாட்டுங்கோ."

செய்ய வேண்டியதைக் காட்டித் தந்தாள். கதிரையின் இருக்கையில் தலையணை போட்டு உயர்த்தி, அதிலிருந்து எழும்பி எழும்பி உட்கார வேண்டும். சுவரில் இரு கையையும் ஊன்றித் தள்ள வேண்டும். பழைய சைக்கிள் ரியூப்பை யன்னல் கம்பியில் கட்டி இழுக்க வேண்டும். போத்தலில் மண் நிரப்பித் தூக்க வேண்டும். விடியற்காலையில் நடக்க வேண்டும். சீனி போட்ட தேத்தண்ணி வேண்டாம், சோற்றைக் குறைத்து மீனும் முட்டையும் பயறும் சாப்பிடுங்கோ என்றாள். நோயாளியை எப்படிப் புரட்டுவது, முழங்காலை மடித்து, ஆளை நெஞ்சோடு சேர்த்து எப்படி எழுப்புவது என்றும் பழக்கினாள்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க எனக்கு மனம் கசந்து கிடந்தது. ஆண்டவரிடம் பலத்தைக் கேட்டேன், அவர் எனக்குச் சைக்கிள் ரியூப்பைக் காட்டுகிறார் என்று நினைத்தேன். ஆனால் செலினின் புண் காத்திருக்காது. அன்று பின்னேரமே தொடங்கினேன்.

லேசாக இருந்தது என்று சொன்னால் பொய். தொடை நெருப்பாய் எரிந்தது. சில நாள் படியில் இறங்க முடியாமல் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். தை மாதக் கடைசியில் காய்ச்சல் வந்து எல்லாம் நின்றது. திரும்பத் தொடங்கியபோது மறுபடி அடியிலிருந்து. கட்டிலுக்கு முன்னால் கதிரையைப் போட்டுத்தான் செய்வேன். முதலில் செலின் பார்க்க மாட்டாள். பிறகு பார்த்தாள். நான் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் "ம்" என்று தொண்டைக்குள் ஒரு சத்தம் வரும் அவளிடமிருந்து. நான் களைத்து உட்கார்ந்துவிட்டால் "ம், ம்" என்று விரட்டுவாள். ஒரு நாள் ரியூப் அறுந்து நான் பின்னுக்குப் போய் அலுமாரியில் மோதினேன். பாதி வாயால் சிரித்தாள். அவள் விழுந்த பிறகு நான் கண்ட முதல் சிரிப்பு அது.

தவக்காலத்தின் நடுவில் ஒரு காலை. வழமைபோல அவளைப் புரட்டிவிட்டேன். கண் இருட்டவில்லை. அது எப்போது முதல் இருட்டாமல் விட்டது என்று எனக்கே தெரியவில்லை. மிஸ் சொல்லித் தந்தபடி அவளுடைய கையை என் கழுத்தில் போட்டேன். முழங்காலை மடித்தேன். "அன்னை மரியே" என்றேன். தூக்கினேன்.

செலின் எழும்பினாள். என் நெஞ்சில் சாய்ந்து நின்றாள். அவளுடைய மூச்சு என் கழுத்தில் பட்டது. அப்படியே மெல்லத் திருப்பி, வாசலில் போட்டிருந்த கதிரையில் இருத்தினேன். அவள் முற்றத்தைப் பார்த்தாள். வெயிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்து அழுதாள். நானும் அழுதேன். அன்று தொடக்கம் தினமும் அவளைக் கதிரையில் இருத்தினேன், நேரத்துக்கு நேரம் புரட்டினேன். புண் மெல்ல மெல்லக் காயத் தொடங்கியது.

உயிர்ப்பு ஞாயிறன்று அவளைக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். ரூபன் ஓட்டோவைக் கோயில் வாசலில் நிறுத்தினான். உதவிக்கு வந்தவனை நிற்கச் சொல்லிவிட்டு, நானே தூக்கிக்கொண்டுபோய் மர வாங்கில் இருத்தினேன். அந்த வாங்கில் இருந்தவர்கள் எழுந்து பின்னுக்குப் போனார்கள். பூசை முடியும்வரை நாங்கள் இருவர் மட்டும் அந்த நீளமான வாங்கில் இருந்தோம். செலின் அக்கம் பக்கம் பார்க்கவில்லை. சுவாமி இறங்கி வந்து அவளுக்கு நற்கருணை கொடுத்தார். தன்பாட்டில் விழுங்கினாள்.

உறவுகளே, இந்தச் சாட்சி இங்கே முடிந்திருந்தால் உங்களுக்கும் எனக்கும் சந்தோசமாக இருந்திருக்கும். ஆவணி மாதத்தில் இரண்டாவது தடவை அவளுக்குப் பாரிசவாதம் வந்தது. காலைக் கஞ்சியைப் பருக்கிக்கொண்டிருந்தேன். கரண்டி வாயில் இருக்கும்போதே தலை சாய்ந்தது. என் கையில்தான் போனாள்.

பெட்டி கொண்டுவந்த பொடியன்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். கையுறை போட்டிருந்தார்கள். கையில் பெரிய பொலித்தீன் உறை வைத்திருந்தார்கள்.

"இதுக்குள்ள வைச்சுக் கட்டித்தான் எடுக்கவேணும் எண்டினம் ஐயா."

"தேவையில்லைத் தம்பி. டொக்டரிட்டக் கேட்டிட்டன்" என்றேன். "நீங்கள் அங்காலை நில்லுங்கோ. என்ர மனிசியை நான் வைக்கிறன்."

நானே அவளைக் குளிப்பாட்டினேன். காயாமல் மிச்சமிருந்த புண்ணைத் துடைத்து மருந்து வைத்துக் கட்டினேன். அவளுக்குப் பிடித்த நீலக்கரைச் சேலையை உடுத்தினேன். மடிப்பு எனக்குச் சரியாக வரவில்லை. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. புஷ்பம். உள்ளே வந்தாள். என் கையிலிருந்து முந்தானையை வாங்கினாள். மடிப்பை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். தமக்கையின் நெற்றியில் கொஞ்சினாள். பிறகு கட்டிலின் கால்மாட்டுக்குப் போனாள்.

"அத்தான், நான் காலைப் பிடிக்கிறன்."

"எனக்குத் தனியத் தூக்க ஏலும் புஷ்பம்."

"தெரியும். எண்டாலும் பிடிக்கிறன்."

இரண்டு பேரும் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தோம்.

கடவுள் செலினை எனக்குத் திருப்பித் தரவில்லை. அதை ஒளித்துக்கொண்டு அவரைப் புகழ எனக்குத் தெரியாது. இன்றும் காலையில் கண் விழித்தால் வீடு வெறுமையாய்க் கிடக்கிறது. ஆனால் நான் கேட்டதை அவர் தந்தார். அவள் அழுகிப் போகவில்லை. பிற மனுசருடைய அருவருப்பில் போகவில்லை. அவளை நேசித்த கைகள்தான் அவளைக் கழுவின, உடுத்தின, கிடத்தின. அந்தக் கைகளுக்குப் பலத்தை, ஒரு நொடியில் கொடுக்காமல், மாதக்கணக்காக வேர்க்க வைத்துக் கொடுத்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியாது. நன்றி மட்டும் சொல்கிறேன்.

இப்போது எனக்குச் சீனி அடங்கியிருக்கிறது. குளிசையும் போடுகிறேன், பயிற்சியையும் விடவில்லை. ரூபனின் தமையனோடு களப்புக்குப் போய் வலை வீசுகிறேன். கிளினிக்குக்குப் புதிதாக வந்து, குனிந்த தலையோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறேன்.

உங்களில் யாருக்காவது இந்த வருத்தம் இருந்தால், செபியுங்கள், மருந்தை விடாதீர்கள், டொக்டரிடம் கேட்டு உடம்பை அசையுங்கள். கேட்டது அடுத்த நாள் காலையில் கிடைக்கவில்லை என்று கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். இந்த வருத்தம் இல்லாதவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த ஊரில் இன்னும் யாராவது எங்களைப்போல ஒளித்துக்கொண்டு படுத்திருக்கலாம். தொட்டால் இது வராது. ஒரே கோப்பையில் சாப்பிட்டாலும் வராது. பக்கத்தில் போங்கள். கையைப் பிடியுங்கள். அவர்களும் எங்கேயோ ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு, யாரையாவது அனுப்பும் என்று இப்போது கேட்டுக்கொண்டிருப்பார்கள்.