இடப்பக்கம் மட்டும் திரும்பிய லாரி

ஓடிப்போனாளாம்! எதிர்வீட்டுத் தையல்காரி வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டே சொல்கிறாள், தெருவே தலையாட்டுகிறது. யார் ஓடியது? நட்டக்கா நடந்துதான் போய் லாரியில் ஏறினாள், பட்டப்பகலில். லாரிக்காரர் அவள் வீட்டைத் தினம் மூன்று தடவை சுற்றினார் என்பது மட்டும் உண்மை. ஏன் சுற்றினார் என்று எவளாவது கேட்டாளா?

தெருக்கோடியில் இருக்கிற தன் சித்தப்பாவின் லாரிப் பட்டறையில் பதினோரு வருஷமாக வேலை பார்த்தவள் நட்டக்கா. கீழே விழுகிற சத்தத்தை வைத்தே அது எந்த நட்டு என்று சொல்லிவிடுவாள்; அதனால்தான் அந்தப் பெயர். ஆனால் கையில் இருந்ததோ துடைக்கிற துணி. "ஒரு வண்டியையாவது நானே தனியா முடிக்கிறேன் சித்தப்பா" என்று கேட்டால், "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். அந்தப் பாக்கலாமுக்கும் வயது பதினொன்று.

லாரிக்காரருக்கு அறுபது வயது, தோள் போய்விட்டது. அந்தப் பழைய ஸ்டீயரிங்கை ஒடித்து முடிப்பதற்குள் பின்னால் நிற்கிறவன் அவர் பரம்பரையையே திட்டித் தீர்த்துவிடுவான். பவர் ஸ்டீயரிங் கியர் மாட்டச் சொல்லி வண்டியைப் பட்டறையில் விட்டார். சித்தப்பாவே மாட்டினார். கியரின் தண்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றி, எத்தனை சுற்று என்று எண்ணி, சரிபாதியில் நிறுத்தி, சக்கரத்தையும் நேராக வைத்த பிறகுதான் கீழே தொங்கும், சக்கரத்தைத் திருப்புகிற இரும்புக் கையைப் பூட்ட வேண்டும். நடு தவறினால் ஒரு பக்கம் முழுசாகத் திரும்பாது. சித்தப்பா எண்ணவில்லை.

"நாப்பது வருஷக் கை. கண்ணாலயே நடு தெரியும்."

வண்டி இடப்பக்கம் வெண்ணெயாகத் திரும்பியது. வலப்பக்கமோ, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி லேசாக முகத்தைத் திருப்பிவிட்டு முறைத்துக்கொண்டு நின்றது. லாரிக்காரர் சாது, குறை சொல்லக் கூச்சம். வலது திரும்ப வேண்டிய இடத்தில் நேரே போய் இடது, இடது, இடது என்று வளைந்து வழிக்கு வந்தார். அந்த வளைவுக்குள் மாட்டியது நட்டக்கா வீடு.

மூன்றாம் நாள் ஜன்னலில் நின்றவள் லாரிக்காரர் முகத்தையா பார்த்தாள்? முன்சக்கரத்தைப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையல்காரி பார்த்தது அந்தச் சிரிப்பை மட்டும்தான்.

"அண்ணே, ரைட்டு எடுக்க முடியலையா?"

"வெளிய சொல்லாதம்மா. உங்க சித்தப்பா மனசு கஷ்டப்படும்."

"மத்தியானம் அவர் சாப்பிடப் போவார். அப்ப வண்டியக் கொண்டு வாங்க."

வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினாள். இரும்புக் கையைக் கழற்றினாள். தண்டைச் சுற்றி எண்ணினாள், பாதியில் நிறுத்தினாள், மறுபடி பூட்டினாள். லாரிக்காரர் பட்டறை வாசலிலேயே ஒற்றை விரலால் வலப்பக்கம் ஒடித்து ஒடித்துப் பார்த்தார். இறங்க மனசே வரவில்லை மனுஷனுக்கு.

மறுநாள், லாரிக்காரர் வண்டி ஓட்டுகிற டிப்போவின் மேனேஜரம்மா அதே லாரியில் பட்டறைக்கு வந்து இறங்கினாள்.

"இன்னும் ஆறு வண்டிக்கு மாட்டணும். இதைச் சரி பண்ணின ஆள் எங்க டிப்போவுக்கே வேலைக்கு வேணும். யாரு அது?"

சித்தப்பா மீசையைத் தடவினார். "நாந்தான்."

லாரிக்காரர் கூரையில் ஓட்டை தேடினார்.

"எத்தனை சுத்து வந்துச்சு?" என்று கேட்டாள் மேனேஜரம்மா.

"அது... வண்டிக்கு வண்டி மாறும்."

"இந்த வண்டிக்கு?"

"நாலே கால்," என்றாள் நட்டக்கா. "பாதி, ரெண்டே அரைக்கால்."

சித்தப்பா எகிறினார். "ஏய், யாரைக் கேட்டு வண்டியில கை வச்ச?"

"பதினோரு வருஷமா உங்களைத்தான சித்தப்பா கேட்டேன்."

மேனேஜரம்மாவுக்கு வேறு பதில் தேவைப்படவில்லை. லாரிக் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே, புருஷனுக்குச் சோறு கொண்டுவந்திருந்த லாரிக்காரரின் மனைவி தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். தையல்காரி கண்ணுக்கு இந்த இரண்டு பொம்பளைகளும் தெரியவே இல்லையாம்!

நட்டக்கா துணியை ஆணியில் மாட்டினாள்.

"பதினாலாம் நம்பர் ஸ்பானர் எங்கன்னாவது சொல்லிட்டுப் போ!" என்று கத்தினார் சித்தப்பா.

"உங்க சட்டைப் பையில," என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.