கடனுக்கு மட்டும் கல்யாணமானவள்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நிரோஷா என் வீட்டுக் கதவைத் தட்டினாள். நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் மோர்னிங்சைட்டில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். சப்ளை ரீச்சர் — அதாவது, எங்காவது ஓர் ஆசிரியருக்குக் காய்ச்சல் வந்தால்தான் இவளுக்குச் சம்பளம்.

"அன்ரி, உந்தக் கடன்காரரோடை நீங்கள் ஒருக்கா கதையுங்கோ. நான் கதைச்சால் அழுகைதான் வருது."

படிப்புக் கடன்தான். ஜூலையும் ஓகஸ்டும் பள்ளிகள் பூட்டு. கையில் ஒரு சதம் வரவில்லை. தவணை மட்டும் தேதி தவறாமல் வங்கிக் கணக்கிலிருந்து போய்விட்டது. வருமானம் குறைந்தவர்களுக்குத் தவணையைக் குறைக்கும் திட்டம் ஒன்று இருக்கிறதல்லவா? அதற்கு விண்ணப்பித்து, எடுத்த பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்டிருந்தாள். அது வந்தால்தான் கார் இன்சூரன்ஸ் கட்டலாம். கார் இல்லாமல், விடியற்காலையில் 'இன்றைக்கு வா' என்று கூப்பிடும் பள்ளிக்கு எப்படி ஓடுவது?

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டோம். அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார். மரியாதை இல்லாமல் பேசுவது வேறு, மரியாதையாகவே 'இல்லை' என்று கைவிரிப்பது வேறு... இவர் இரண்டாவது வகை.

"நீங்கள் திருமணமானவர் என்று போட்டிருக்கிறீர்களே?"

"ஓம்... லீகலா ஓம். ஆனால் கல்யாணம் இன்னும் நடக்கேல்லை" என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவர் அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டார். பாவம், அவருக்கு எப்படி விளங்கும்? நம் வீடுகளில் எழுத்து, அதாவது சட்டப் பதிவு, ஒரு நாள்; தாலி இன்னொரு நாள். தாலி கட்ட நல்ல கல்யாண ஹோல் அடுத்த வருட ஆவணிக்குத்தான் கிடைத்தது. 'எழுத்தையாவது முடிச்சு வைப்பம்' என்று பெரியவர்கள் சித்திரையிலேயே பதிவை முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை பிரசன்னா ஒரு மணி நேரக் கார் ஓட்டத்தில், பிறம்ரன் நகரில், ஒரு வீட்டின் பேஸ்மென்றில் வாடகைக்கு. பெண் இங்கே தாயோடு.

அலுவலருக்கு அதெல்லாம் தேவையில்லை. கணவனின் சம்பளத்தையும் சேர்த்தால் 'குடும்ப வருமானம்' போதுமாம். ஆகவே ரீஃபண்ட் கிடையாது!

எந்தக் குடும்பம் ஐயா? ஒரு நாள்கூட ஒரே அடுப்பில் சமைக்காத குடும்பமா? அந்தப் பையனின் சம்பளம் வாடகைக்கும் ஹோல் அட்வான்ஸுக்குமே காணாது. கத்தினேன். அவர் மரியாதையாக ஃபோனை வைத்தார்.

கோபம் ஆறாமல் நிரோஷாவுடன் அவள் வீட்டுக்குப் போனேன். "அவனோடையே போய் இருக்கட்டுமே, செலவாவது மிஞ்சும்" என்றேன் தாய் மல்லிகாவிடம்.

மல்லிகா பதறிவிட்டாள். "தாலி கட்டாமல் அங்கை போய் இருக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்? எழுத்தெண்டது வெறும் பேப்பர்தானே!"

வெறும் பேப்பரா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பேப்பரைக் காட்டித்தானே பிள்ளையின் காசைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்? காசு கேட்டால் நீ மனைவி என்கிறது அலுவலகம். புருஷனோடு இருக்கக் கேட்டால் நீ மனைவியில்லை என்கிறது வீடு. இரண்டு பேருக்கும் அவரவர் வசதி. நடுவில் நிற்பவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"அம்மா, கடனுக்கு நான் அவற்ரை பெஞ்சாதி எண்டால், சோத்துக்கும் பெஞ்சாதிதான். நான் பிறம்ரனுக்குப் போறன்."

சுலபமான முடிவில்லை. பழகிய பள்ளிகளை விட்டுவிட்டு அங்கே புதிதாகத் தொடங்க வேண்டும். ரீஃபண்டுக்கு மேன்முறையீடு போட்டிருக்கிறாள், பதிலில்லை. தாலியை ஆவணியில் அதே ஹோலில்தான் கட்டுவார்களாம். கட்டட்டும், நானும் போய்ச் சாப்பிடுவேன்... அழைத்தால்.

மல்லிகா இப்போது என்னோடு கதைப்பதில்லை — பெண்ணின் சூட்கேஸ் பிறம்ரனுக்குப் போனது என் காரில்!