பதினான்காம் கேள்விக்குப் பதில்

இது நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப்போவதில்லை. தேதி, நேரம் எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. எழுதியது நான் அல்ல. பார்க்காததை எழுதவே தெரியாத ஒரு பெண்மணி.

அப்போது நான் சமூகப்பணி முதுகலை, கடைசிப் பருவம். மனைவி இறந்து எட்டு மாதம். பதினொரு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். எங்கள் மகளுக்கு நான்கு வயது. குட்டி என்றுதான் கூப்பிடுவோம். அவளை மனைவியின் அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர்கள் குடும்பத்தோடு ஜூன் மாதம் வெளிநாடு கிளம்புவதாக இருந்தது.

"மே மாசப் பரீட்சையை முடிங்க தம்பி. முடிச்சிட்டா குட்டியைக் கொண்டுவந்து விட்டுடறேன். முடிக்கலைன்னா எங்ககூடவே வரட்டும்" என்றார் அக்கா.

கட்டணம் கட்டாதவன் பரீட்சை எழுத முடியாது. கட்ட என்னிடம் வழியில்லை. சம்பாதித்தவள் என் மனைவி. நான் படிக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவளும் அவள்தான்.

துறையில் இரண்டு உதவித்தொகைகள். கௌரவ உதவித்தொகை மதிப்பெண்ணுக்கு. அது எனக்கு இல்லை; போன வருடப் பரீட்சை நடந்தபோது நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன். மற்றது நினைவு உதவித்தொகை. களப்பணிக்குப் போன இடத்தில் வெள்ளத்தில் இறந்த ஒரு மாணவியின் பெயரில் அவளைப் பெற்றவர்கள் வைத்தது. பெற்றோரையோ துணையையோ இழந்த மாணவருக்கு, வருடத்துக்கு ஒருவருக்கு.

விண்ணப்பித்தேன். குட்டி என்னிடம் வர அது ஒன்றுதான் வழி.

யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். சொல்லாமல் வருவார்கள். வருபவர் எங்கள் துறையின் பழைய மாணவி, வயதானவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நாலு பக்கம்'. குனிந்த தலை நிமிராமல், சொன்னதைச் சொன்னபடி நாலு பக்கம் எழுதுவார். வாசலில் பூனை படுத்திருந்தால் அதையும் குடும்ப உறுப்பினராகச் சேர்த்துவிடுவார் என்று கேலி செய்வோம்.

பிப்ரவரி இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை, காலை 10.20. துறைத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்பா, மனைவி தவறிட்டாங்கன்னு எழுதியிருக்கே?"

"ஆமா சார்."

"அப்போ இது யாரு?"

அறிக்கையை என் பக்கம் தள்ளினார். படித்தேன்.

'புதன், பிற்பகல் 3.40. கதவைத் தட்டினேன். திறந்தவர் சுமார் இருபத்தேழு வயதுப் பெண். பச்சை நைட்டி. தலை ஈரமாக இருந்தது. இடது புருவத்தில் பழைய வெட்டு. விண்ணப்பதாரரின் மனைவி என்றார். அவர் ஆஸ்பத்திரியில் களப்பணியில் இருக்கிறார், ஆறு மணிக்கு வருவார் என்றார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.'

அந்தப் புதன்கிழமை நான் ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். வீடு பூட்டியிருந்தது. ஒரே சாவி. அது என் சட்டைப் பையில்.

இறப்புச் சான்றிதழை எடுத்து வைத்தேன். தலைவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு என் போனிலிருந்த என் மனைவியின் படத்தை, அறிக்கை எழுதிய அம்மாவுக்கு அனுப்பிக் கேட்டார். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

'இதே முகம்தான்.'

"நான் உன்னை நம்பறேன்பா. ஆனா உதவித்தொகைக் குழு நம்பணுமே. யாரையோ வீட்ல வச்சுக்கிட்டுப் பொய் சொல்றான்னு பேசறாங்க. திங்கட்கிழமை அந்தம்மா திரும்ப வருவாங்க. நீ வீட்லயே இரு."

வீட்டுக்கு வந்தேன். சமையலறைத் தொட்டியருகே ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

எட்டு மாதமாக நான் பாட்டிலில்தான் தண்ணீர் குடிக்கிறேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் 3.40க்குக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பயம் இல்லை. பொறாமை. முன்பின் தெரியாத ஒருவருக்குக் கதவைத் திறந்தவள் எனக்கு ஏன் திறக்கவில்லை? பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கதவைத் தட்டிக்கூடப் பார்த்தேன், என் வீட்டுக் கதவை நானே, வெளியே நின்று. ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை. நல்ல வெயில்.

3.26. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். போய்ப் பார்த்தேன். குழாய் மூடியிருந்தது. தரை நனைந்திருந்தது.

3.34. சோப்பு வாசனை. அவளுடைய சோப்பு. வீட்டில் அது இல்லை.

3.40. கதவைத் தட்டினார்கள். நான்தான் திறந்தேன்.

அந்த அம்மா உள்ளே வந்தார். கூடத்தையும் அறையையும் பார்த்தார். யாரும் இல்லை. உட்கார்ந்தார். படிவத்தை மடியில் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டார். கேட்டார், நான் சொன்னேன், எழுதினார். பதின்மூன்று கேள்வி.

"பதினாலு. நீங்க கிளாஸுக்குப் போனா குழந்தையை யாரு பாத்துப்பாங்க?"

வாயைத் திறந்தேன். மூடினேன்.

பேனா எழுத ஆரம்பித்தது.

நான் பேசவில்லை. பேனா நிற்கவில்லை. ஒரு வரி... இரண்டு வரி...

தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். நடுவில் சொன்னார்:

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்கம்மா..."

அம்மா.

அறையில் அவரைத் தவிர நான் மட்டும்தான்.

என் பின்கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

திரும்பினேன்.

சுவர்...

"என்ன சொல்றா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "மேடம், என்ன சொல்றா? எனக்குக் கேக்கல..."

அவர் தலை நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். எழுதியதைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை. படிவம் மடியிலிருந்து நழுவியது. அவர் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் வெளியே ஓடினார்.

3.58.

படிவத்தை எடுத்தேன். பதினான்காம் கேள்விக்குக் கீழே, அந்த அம்மாவின் குண்டு எழுத்தில், என் மனைவியின் பேச்சு:

'நான் பாத்துக்குவேன். எனக்கு வேற என்ன வேலை? எங்கக்காதான் பிள்ளையை அனுப்ப மாட்டேங்கறா. இவரு பரீட்சை எழுதிட்டா அனுப்பித்தான் ஆகணும். சீக்கிரம் குடுத்துடுங்க மேடம். நான் இருக்கற இடத்துல குட்டிக்கும் இடம் இருக்கு.'

எட்டு மாதத்தில் முதல் முறையாக அழுதேன். செத்தும் எனக்காகச் சிபாரிசு செய்கிறாள். அப்படித்தான் நினைத்தேன். அன்று இரவு விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினேன்.

வியாழக்கிழமை தலைவர் கூப்பிட்டார். உதவித்தொகை எனக்குத்தான்.

"என்னப்பா பண்ணினே அந்தம்மாவை? நாலு பக்கம் எழுதறவங்க ஒரே வரியில முடிச்சிட்டாங்க. 'மனைவி இறந்தது உண்மை, வழங்கலாம்.' அவ்வளவுதான். இனிமே விசாரணைக்குப் போகமாட்டேன்னும் எழுதிக் குடுத்துட்டாங்க."

அன்று மாலை 7.15க்கு அக்காவுக்குப் போன் செய்தேன். பரீட்சை எழுதப்போகிறேன், குட்டியின் துணிகளை எடுத்து வையுங்கள் என்றேன். நடந்ததையும் சொன்னேன். படிவத்தை வாசித்துக் காட்டினேன். தங்கையின் வார்த்தைகள் அல்லவா, அழுவார் என்று எதிர்பார்த்தேன்.

அழவில்லை.

"அக்கா?"

"கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க தம்பி."

படித்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். கடைசி நாள் நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க இல்ல? அப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல அவ."

"என்ன சொன்னா?"

"'குட்டியை நீ வச்சுக்கோக்கா. அந்த வீட்ல விடாதே. எனக்கு இப்போ இருக்கற புத்தி அப்புறம் இருக்காது. அவ என் கண்ணுல பட்டா நான் கூட்டிட்டுப் போயிடுவேன்'னா."

'குட்டிக்கும் இடம் இருக்கு' என்ற வரியின் மேல் விரலை வைத்தேன்.

"பரீட்சை, படிப்புன்னு நான் சொன்னதெல்லாம் சாக்கு தம்பி. நீங்க எழுதமாட்டீங்கன்னு நெனச்சேன்."

பரீட்சை எழுதினேன். தேறினேன். சான்றிதழ் இன்னும் உறையைவிட்டு வெளியே வரவில்லை.

ஜூன் ஒன்பதாம் தேதி, காலை 6.10க்கு, குட்டி விமானம் ஏறினாள். அப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டே போனாளாம்.

வழியனுப்ப நான் போகவில்லை. எனக்குப் பின்னால் யார் வருவார் என்று எனக்குத் தெரியாது.