சனிக்கிழமை வரச் சொன்ன வண்டி

தக்கலையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் இரண்டு வருடமாக ஒரு காருக்காகக் காத்திருந்தார். பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற ஹைபிரிட் வண்டி. நம்மைப் போன்றவர்கள் வாங்கும் விலையில் ஒன்று வரப்போவதாகச் செய்தி வந்திருந்தது. ஓணத்துக்கு என்றார்கள், தீபாவளிக்கு என்றார்கள், பிறகு பொங்கலுக்கு என்றார்கள். ஒவ்வொரு செய்தியையும் போனில் எடுத்து எங்களுக்கு வாசித்துக் காட்டுவார்.

அவருக்குக் காரணம் இருந்தது. இளம்பிள்ளைவாதத்தில் இடது கால் சூம்பியவர், கிளட்ச் மிதிக்க முடியாது. இந்த வண்டியில் கிளட்ச் இல்லை. மனைவிக்குப் பக்கவாதம். இரணியலுக்குப் பக்கத்தில் இருந்த வீட்டிலிருந்து தினமும் நாகர்கோவிலுக்குச் சிகிச்சைக்குக் கூட்டிப்போக வேண்டும், அதற்குப் பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் வண்டிதான் தாங்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அந்தச் சமயம் நான் ஒரு சாதாரணப் பெட்ரோல் கார் வாங்கி அலுவலகத்தில் லட்டு கொடுத்தேன். அவர் லட்டை வாயில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு அது ஆறவில்லை.

ஒரு வியாழக்கிழமை, நண்பனின் போனிலிருந்து அவரை அழைத்தேன். ஷோரூமிலிருந்து பேசுவதாகச் சென்னைக்காரனின் தமிழில் சொன்னேன். ஹைபிரிட் வண்டி ஒன்று ஓட்டிப் பார்க்க வந்திருக்கிறது, வேண்டியவர்களுக்கு மட்டும் காட்டுகிறோம், சனிக்கிழமை பத்து மணிக்கு வாருங்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "குடும்பத்தோட வாங்க சார்" என்றும் சேர்த்தேன். அது யாரும் எனக்குச் சொல்லித் தந்ததல்ல.

சனிக்கிழமை நானும் நண்பனும் நாகர்கோவிலில் ஷோரூமுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அவரும் மனைவியும் ஆட்டோவில் வந்தார்கள். அந்த அம்மா பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்திருந்தாள். ஷோரூம் படிகளில் ஏற முடியாமல் ஆட்டோவிலேயே இருந்தாள். அவர் மட்டும் உள்ளே போனார். கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. விற்பனைக்காரன் தலையாட்டினான், இன்னொருவனைக் கூப்பிட்டான், இருவரும் சிரித்தார்கள். இவர் தன் போனை நீட்டினார். அவன் அந்த எண்ணை அழைத்திருக்க வேண்டும். எங்கள் மேசைமேல் நண்பனின் போன் அடித்தது. அவன் அதைப் பொத்திப் பிடித்து அணைத்தான். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர் வெளியே வந்து ஆட்டோவுக்குள் குனிந்து நெடுநேரம் ஏதோ சொன்னார். அவள் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். கோபமாக இல்லை.

"பேச்சு முழுக்க மெட்ராஸ்காரன்தான் மக்கா. சனிக்கிழமைன்னு சொல்லும்போ மட்டும் 'ழ' நம்ம ஊரு 'ழ'வா இருந்திச்சு. பொறவு அது உன் சத்தம்னும் பிடிகிட்டிச்சு."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். மனைவியிடம் உண்மையைச் சொல்லவில்லை என்றார். வண்டி வரும் வழியில் பழுதாகி நின்றுவிட்டதாகச் சொல்லியிருக்கிறாராம்.

"நான் சொன்னா அவளுக்கு நம்பிக்க வரல்ல. நீ ஷோரூம்காரனா வந்து சொல்லு. உனக்கு நல்லா சொல்ல வருமே."

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா கோணிய வாயால் கஷ்டப்பட்டு, வண்டி எப்போது வரும் என்று கேட்டாள். தை மாதம் என்றேன். அவர் கதவில் சாய்ந்து நின்று என் முகத்தையே பார்த்தார். கிளம்பும்போது அந்த அம்மா நல்ல கையால் என் கையைப் பிடித்து, மக்களே நீ நல்லாயிருப்பே என்றாள்.

தை போயிற்று. சித்திரை என்று சொல்ல என்னையே அழைத்தார். பிறகு ஆடி. இந்த வருடம் அவர் ஓய்வு பெற்றார், அழைப்பது நிற்கவில்லை. அவரே எதுவும் பேசுவதில்லை. எண்ணைப் போட்டு, போனை அவள் காதில் வைத்துவிடுவார். போன வாரமும் கேட்டாள். கம்பெனியில் பேட்டரி வரத் தாமதம் என்றேன். அந்த வண்டியில் ஏறிக் கன்னியாகுமரிக்குப் போய்க் கடலைப் பார்க்க வேண்டும் என்றாள். போகலாம் அம்மா என்றேன். எந்த இருக்கையில் காலை நீட்ட வசதி என்று அடுத்துக் கேட்டாள். முன்னால்தான் என்று விளக்கத் தொடங்கினேன்.