முப்பத்தோரு தடவை ‘புரிஞ்சுதா?’

போன வியாழக்கிழமை, தேர்வு அறைக்குள், முனியாண்டி கை தூக்கினார். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முனியாண்டி என் மாணவர். வயது நாற்பத்து நான்கு. லாரி ஓட்டி ஓட்டி முதுகு போய், ‘இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடாதே’ என்று டாக்டர் சொன்ன பிறகு, மலேசியாவில், ஈப்போவில் நான் வேலை பார்க்கும் பயிற்சி நிலையத்துக்கு ஏர்கான் சர்வீஸ் படிக்க வந்தவர். லூமுட்டில் அவருடைய மச்சான் ஏர்கான் கடை வைத்திருக்கிறார். சர்டிபிகேட்டோடு வந்தால் வேலை ரெடி. ஆனால், முதல் முறை செய்முறைத் தேர்வில் ஃபெயில். இது இரண்டாவது முறை. இதிலும் போனால் எங்கள் நிலையத்தில் மூன்றாவது வாய்ப்பு கிடையாது. மறுபடி முதலிலிருந்து சேர்ந்து படிக்க வேண்டும். அந்த வயதில், அந்த முதுகோடு, அது நடக்கிற காரியமா?

அப்படிப்பட்டவர், தேர்வு அதிகாரி வேலையை விளக்கிவிட்டு “ஃபாஹம்?” என்று மலாயில் கேட்ட நேரத்தில் கை தூக்குகிறார். புரிந்ததா என்ற அந்தக் கேள்விக்கு மற்ற ஏழு பேரும் “ஃபாஹம், துவான்!” — புரிந்தது ஐயா — என்று ஒரே குரலில் சொல்லி முடித்தாயிற்று. இவர் மட்டும்…

இருங்கள். அங்கே போவதற்கு முன் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெருமைப்படும்படியான கதை இல்லை.

இருபத்திரண்டு வருடமாக ஏர்கான் பாடம் நடத்துகிறேன். என் வகுப்பில் மட்டும் ஏர்கான் வேலை செய்யாது — மாணவர்கள் கழற்றிப் பழகிப் பழகியே அது செத்துப்போனது. மத்தியான வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே தொண்டை கிழியப் பேசுவேன். சட்டைப் பையில் எப்போதும் இருமல் மிட்டாய் இருக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனைவியிடம் பேசக் குரல் மிச்சமிருக்காது. அவள் இதுவரை அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

களைத்துப் போனாலும் ஒரு கர்வம் இருந்தது. பழைய மாணவர்கள் எங்கே பார்த்தாலும் என்னை விடமாட்டார்கள். ஒருமுறை தைப்பிங் சந்தையில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“சார்! என்னை ஞாபகம் இருக்கா? உங்க க்ளாஸ்ல ஏர்கான் படிச்சேன் சார். உங்கள மாதிரி பேச யாராலயும் முடியாது லா!”

வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் அரைக் கிலோ இறாலைப் பையில் கட்டிக் கொடுத்தார். அன்று ஈப்போ வரைக்கும் எனக்குள் சிரித்துக்கொண்டே கார் ஓட்டினேன்.

இந்த வருடம் நிர்வாகம் ஒரு புதுச் சட்டம் போட்டது. தொழில் தெரிந்தால் மட்டும் போதாதாம். கற்றுக்கொடுக்கவும் கற்றுக்கொள்ள வேண்டுமாம். ஒவ்வொரு பயிற்றுநரின் வகுப்பிலும் ஒருவர் வந்து உட்கார்ந்து பார்ப்பாராம். எனக்கு வந்தவர் மிஸ் தேன்மொழி. என் மகள் வயது. கடைசி வரிசையில் ஒரு நோட்டோடு உட்கார்ந்து, ஒரு மணி நேரமும் என்னவோ கோடு போட்டுக்கொண்டே இருந்தார். நானும் அன்று கொஞ்சம் கூடுதலாகவே பிரமாதப்படுத்தினேன்.

வகுப்பு முடிந்ததும் நோட்டைக் காட்டினார். பக்கம் முழுக்கக் கோடுகள்.

“சார், கோவிச்சுக்காதீங்க. ஒரு மணி நேரத்துல முப்பத்தோரு தடவை ‘புரிஞ்சுதா’ன்னு கேட்டீங்க.”

“நல்லதுதானே மிஸ்?”

“ஒரு தடவைகூட பதிலுக்கு நிக்கல சார்.”

“அவங்கதான் ‘புரிஞ்சுது சார்’னு சொன்னாங்களே!”

“அது பதில் இல்ல சார். வணக்கம் சொல்ற மாதிரி சொல்றாங்க.”

சுருக்கென்றது. நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது இந்தப் பெண் பாலர் பள்ளியில் ‘அ’ எழுதிக்கொண்டிருந்திருக்கும். எனக்குப் பாடமா? அவரோ சாவகாசமாக ஒரு யோசனை சொன்னார். ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். என்ன ஆனாலும் வாயைத் திறக்காதீர்கள்.

இவ்வளவுதானா என்று நினைத்தேன். நீங்களும் முயன்று பாருங்கள். இருபது பேர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது பத்து எண்ணிக்கை என்பது எவ்வளவு நீளம் தெரியுமா?

மறுநாள் கேட்டேன். “நீல மீட்டரை எந்தக் குழாயில மாட்டணும்? ஏன்?” ஏர்கானில் கேஸ் அழுத்தம் பார்க்க இரண்டு மீட்டர் உண்டு — நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. எங்கள் தொழிலுக்கு அதுதான் அரிச்சுவடி.

ஒன்று… இரண்டு… மூன்றில் ஒருவர் செருப்பைப் பார்த்தார். ஐந்தில் கூரையில் மழை ஆரம்பித்தது. ஏழில் என் நாக்கு துடித்தது. விடையைச் சொல்லித் தொலைத்துவிடலாமா? இருமல் மிட்டாயை எடுத்து வாயில் போட்டு அடைத்துக்கொண்டேன். ஒன்பதில் முனியாண்டி எழுந்தார்.

“சார்… அந்த நீலம், சிவப்பு… எது எங்க மாட்டணும்னு எனக்கு மொதல்லேர்ந்தே தெரியாது சார்.”

வகுப்பு ஆரம்பித்து நான்கு மாதம். மறுதேர்வுக்கு இரண்டே வாரம்.

“அப்போ இத்தன நாளா பிராக்டிகல் எப்படி செஞ்சீங்க?”

“ரெண்டு ரெண்டு பேராதானே சார் செய்வோம். பக்கத்துல இருக்கிறவரு மாட்டுவாரு. நான் கேஸ் ஹோஸைப் புடிச்சுக்குவேன்.”

தேர்வில் பக்கத்தில் யாரும் இல்லை. போன முறை இவர் மீட்டர்களை மாற்றி மாட்டியதால், அதிகாரி பாதியிலேயே நிறுத்தினார். அன்று நான் என்ன செய்தேன்? எல்லார் முன்னாலும் முனியாண்டியை நிற்க வைத்து, “அக்கறை இருந்தாதானே தேறுறதுக்கு!” என்றேன். “சரி சார்” என்று தலையைக் குனிந்துகொண்டார்.

இடைவேளையில் கேன்டீனில் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். “ஏன் முனியாண்டி, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

அவர் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். “எப்படி சார் சொல்றது? நீங்க அவ்வளோ அழகா பேசிக்கிட்டு இருக்கீங்க. நடுவுல எந்திரிச்சு புரியலன்னு சொன்னா உங்களுக்கு மரியாதையா இருக்குமா? எங்கப்பா சொல்லுவாரு… பெரட்டுல கேள்வி கேக்கிறவனுக்கு மறுநாள் மேட்டு நெரைதான்னு.”

எனக்கும் அது தெரியும். என் அப்பாவும் கோலா கங்சார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடிவதற்கு முன் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்து வேலை பிரிப்பார்கள், அதற்குப் பெயர்தான் பெரட்டு. மேட்டு நெரை என்றால் குன்றில் ஏறி இறங்கி வெட்ட வேண்டிய மர வரிசை. கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், கடகடவென்று சொல்லிவிட்டு “வெளங்குச்சா?” என்பார். “வெளங்குச்சுங்க!” என்று மொத்தக் கூட்டமும் சொல்லும். விளங்காதவர்கள் மரத்துக்குப் போகும் வழியில் பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொள்வார்கள். அந்தக் கிராணியை அப்பா வாழ்நாள் முழுக்கத் திட்டினார். அவர் பிள்ளையான நான், கையில் மார்க்கர் பேனாவோடு, இருபத்திரண்டு வருடம் அதே வேலையைச் செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அசதியாகவும் இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் ஒருவன் தன் தொழிலை எங்கிருந்து திரும்ப ஆரம்பிப்பது?

வேறு வழியில்லை, ஆரம்பித்தேன். ஜோடிகளைப் பிரித்தேன். முனியாண்டியைத் தனியாக நிறுத்தி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நீலத்தை எடுப்பார், வைப்பார், என் முகத்தைப் பார்ப்பார். எனக்குக் கை பரபரக்கும். கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். பேசிப் பேசிக் களைப்பதைவிடப் பேசாமல் இருப்பது பெரிய களைப்பு! முதல் நாள் ஒரு மீட்டர் மாட்ட நாற்பது நிமிடம் ஆனது. தப்பாக மாட்டினார். ஏன் தப்பு என்று அவரே கண்டுபிடித்தார். அவரைப் போலவே இன்னும் மூன்று பேர் இருந்ததும் அந்த வாரம்தான் தெரிந்தது.

சரி, இப்போது வியாழக்கிழமைக்கு வருவோம்.

கை தூக்கிய முனியாண்டியை அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “மூணாவது வேலை புரியல துவான். இன்னொரு தடவை சொல்லுங்க” என்று இவர் மலாயில் கேட்டது, பாதி திறந்திருந்த கதவு வழியாக எனக்குக் கேட்டது. போச்சு, என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அதிகாரி கோபப்படவில்லை. மூன்றாவது வேலையை நிதானமாக, படம் போட்டே விளக்கினார். ‘ஃபாஹம், துவான்’ என்று அப்போதே சொல்லிவிட்ட ஏழு பேரில் நான்கு பேர் கழுத்தை நீட்டி அந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

முனியாண்டி தேறிவிட்டார். செய்தி வந்ததும் போன் செய்தார். லூமுட்டுக்குத் திங்கட்கிழமையே கிளம்புகிறாராம். “ரொம்ப நன்றி சார்” என்றார். எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் பத்து எண்ணியிருப்பார் என்று நினைக்கிறேன்.

போனை வைத்த பிறகு சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம். அப்புறம் அந்த இறால் ஞாபகத்துக்கு வந்தது.

என்னிடம் ஏர்கான் படித்தவர் ஏன் மீன் வெட்டுகிறார் என்று அன்று நான் கேட்கவே இல்லை.