கரி படிந்த ஆடுகள்

கம்பெனி வேன் எங்களைப் புதுவாயலில் இறக்கிவிட்டது. ஆலையில் வேலை முடிந்து குளிக்கும் இடத்தில் இன்றும் தண்ணீர் வரவில்லை. கரி அப்பிய முகத்தோடு அப்படியே வந்துவிட்டோம். எதிரே என் மனைவியின் இட்லிக் கடை. பெஞ்சில் உட்கார்ந்து மகள் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்: "கொம்பு உள்ளவை, கொம்பு இல்லாதவை..."

சிறுவயதில் எங்கள் வீட்டில் இருந்த ஆடுகள் ஞாபகத்துக்கு வந்தன. காலையில் வெள்ளை, செவலை, கறுப்பு என்று போகும். இரும்பு ஆலைச் சுவரோரம் மேய்ந்துவிட்டு, சாயங்காலம் எல்லாம் ஒரே கரி நிறத்தில் திரும்பும். தெருவே கூடி நின்று ஆடு பிரிக்கும். அம்மா நிறத்தைப் பார்க்கவே மாட்டாள். கொம்பின் வளைவைப் பிடித்துப் பார்ப்பாள், காதைத் தடவுவாள். ஒருநாள் எதிர்வீட்டு சரோஜா பெரியம்மா எங்கள் வெள்ளை ஆட்டை இழுத்துப் போனாள். அம்மா மறித்தாள்.

"இன்னாக்கா, என் ஆட்ட இஸ்துகினு போற?"

"என்னுது கறுப்புடி. இதுவும் கறுப்பாத்தான கீது?"

"காத பாருக்கா. உன்னுதுக்குக் குட்டக் காது. இதுக்குத் தொங்குது பாரு."

பெரியம்மா நம்பவில்லை. ஒரு குடம் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றினாள். வெள்ளை தெரிந்ததும் கயிற்றை விட்டாள்.

"அப்பா!"

மகள் பெஞ்சிலிருந்து ஓடிவந்து, என் பக்கத்தில் நின்றவரின் கையைப் பிடித்தாள். முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை விட்டாள். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

கூப்பிட்டிருக்கலாம். வாய் திறக்கவே அலுப்பாக இருந்தது. காதில் படிந்த கரியை மட்டும் துடைத்துக்கொண்டு நின்றேன்.